பெயர்ப்பலகை வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான், மற்றபடி ஒன்றுமில்லை. ஜாம்பியாவில் நீ கட்ட நினைக்கிற அனாதை விடுதிக்கு, போனில் அனுப்பிய வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்துப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகளுக்குப் படுக்கை, சமையல்கூடம், சுற்றுச்சுவர், வாசலில் பெயர்ப்பலகை. பலகையில் தாத்தா பெயரைப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் கோர்வையாக வராது.

உன் தாத்தா இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. ஆச்சி உயிரோடுதான் இருந்தாள். பீடி சுற்றி மூன்று வயிற்றை நிரப்ப முடியவில்லை, அதனால் என்னை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டாள். அங்கே பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'அனாதை' என்று எழுதினார்கள். ஆச்சி பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருநாள் புதுச் சட்டை போட்டு வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்காக. படம் எடுத்ததும் சட்டையைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துவிடுவார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சோறு போட்டார்கள், படிக்கவைத்தார்கள். அதனால்தான் நீ இன்றைக்கு டாக்டர். ஆனால் எனக்கென்று அங்கே ஆன செலவில் பாதியை மாதாமாதம் ஆச்சி கையில் கொடுத்திருந்தால் நான் அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருப்பேன். இதை உன் அம்மாவிடம்கூட இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை.

அதே ஜாம்பியாவில், சிப்பாட்டா ஊரில், நான் பௌதிகம் நடத்தியது 1984 முதல் 1988 வரை. நீ அங்கே பிறந்தவள், ஆனால் உனக்கு நினைவிருக்காது. 1987 அக்டோபரில் ஜனாதிபதி கென்னத் கவுண்டா, முந்தின டிசம்பரில் இறந்த தன் மகன் எய்ட்ஸால்தான் இறந்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பெயரையே யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம். ஆசிரியர் அறையில் அன்று ஒருவரும் பேசவில்லை. மருந்தும் கிடையாது. சாவு வீடுகளுக்குப் போய்வருவதே சனிக்கிழமை வேலையானது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்கிறாய்? அம்புயாவிடம், அதாவது பாட்டியிடம். பக்கத்து வீட்டு அம்புயாவிடம் ஏழு பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஏழோடு எட்டாவதாக உன்னையும் சித்தெங்கே துணியில் முதுகோடு கட்டிக்கொண்டுதான் நிலக்கடலை பறிப்பாள்.

அந்தப் பக்கத்துச் செவா இன மக்களுக்குத் தாய்வழிதான் குடும்பம். அம்மாவின் அக்காவைப் பெரிய அம்மா என்றும் தங்கையைச் சின்ன அம்மா என்றும்தான் அவர்களும் சொல்கிறார்கள், நம்மைப் போலவே. தாய்மாமனுக்கு அங்கே இருக்கிற சொல்லும் பொறுப்பும் உனக்குப் புதிதில்லை. உன் பட்டியலில் 'ஆதரவற்றோர்' என்று நாற்பது பெயர். அதில் எத்தனை பேருடைய தாய்மாமனிடம் பேசினாய்? சின்னம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்று விசாரித்தாயா? பெற்றவர் ஒருவர் போனாலும் அனாதை என்றே யுனிசெஃப் கணக்கு எழுதும். அந்தக் கணக்கில் நானும் அனாதைதான்.

நான் பார்த்த காலம் இப்போது இல்லை. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மாத்திரை இலவசம், அதை நீயே கொடுக்கிறாய். 2022-லிருந்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. ஆனாலும் பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறான் என்றால், சீருடை இல்லை, நோட்டு இல்லை, அல்லது ஜனவரி முதல் மார்ச் வரை, அறுவடைக்கு முன்னால், வீட்டில் நிஷிமா என்கிற மக்காச்சோளக் களிக்கு மாவு இல்லை. இதில் எதற்கும் சுற்றுச்சுவர் பதில் இல்லை. நீ சுவர் எழுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? உள்ளே மூன்று வேளை சோறு என்று தெரிந்ததும், உன் ஆச்சி செய்ததையே அந்த ஊர்த் தாய்களும் செய்வார்கள். நாற்பது கட்டிலுக்கு நானூறு 'அனாதை' வந்து நிற்பான்.

உனக்கு முன்னால் அந்த நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். தென் மாகாணத்தில் கலோமோ மாவட்டத்தில் 2004 வாக்கில் ஒரு சோதனைத் திட்டம். மிக ஏழைகளான பத்து சதவீத வீடுகளை ஊர்க்குழுவே தேர்ந்தெடுத்தது. மாதம் ஐம்பது கிலோ மக்காச்சோள மூட்டை வாங்குகிற அளவுக்குப் பணம், கையில். எப்படிச் செலவழி என்று யாரும் சொல்லவில்லை. வாங்கியவர்களில் நிறையப் பேர் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற கிழவிகள். குடித்து அழித்துவிடவில்லை பாப்பா. தானியமும் சோப்பும் வாங்கினார்கள், சிலர் ஆடு வாங்கினார்கள். ஒரு மூட்டைச் சோளத்தில் அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று கேட்பாய். என்ன செய்ய முடியும் என்பது உன்னையும் என்னையும்விட அவளுக்குத் தெரியும்.

இன்னொன்று. உன் ஒப்பந்தம் மூன்று வருஷம். நானும் 1988-ல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவன்தான். கிளம்பிவிடுகிறவர்கள் கட்டடம் கட்டக் கூடாது என்பது என் கட்சி. அறக்கட்டளை வேண்டுமானால் பதிவு செய், ஆனால் காசோலையில் கையெழுத்து அந்த ஊர்ப் பெண்களுடையதாக இருக்கட்டும், உன் நர்ஸும் அதில் ஒருத்தி. கணக்கைச் சிற்றாலயச் சுவரில் ஒட்டச் சொல். பிள்ளைகளைப் படம் எடுக்காதே. நன்கொடை குறையும், குறையட்டும்.

என் பி.எஃப். பணத்தில் ஐந்து லட்சம் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், அம்மாவுக்கும் சம்மதம். செங்கல்லுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. தாத்தா பெயரும் வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆச்சி பெயரை வை, ரசீதுப் புத்தகத்தில் மட்டும்.

காட்டேட்டே பக்கம் ஒரு அம்புயா, ஐந்து பேரப்பிள்ளைகளோடு, கூரை ஒழுகுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தாயே. புல்தான் வேயப் போகிறாளா, தகடு வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை என்று அவளிடமே கேட்டு எழுது. நவம்பரில் அங்கே மழை பிடித்துவிடும்.

அன்புடன்,
அப்பா