வீட்டு இணைப்புக்குப் பொது முகவரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வாசகர் வட்டத்தின் நூற்பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கும்படி செய்ய, ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை என் வீட்டில் சர்வராக, அதாவது கேட்பவர்களுக்குப் பக்கத்தை அனுப்பும் கணினியாக, அமைத்தேன். வீட்டுக்குள் எல்லாக் கைப்பேசிகளிலும் பக்கம் திறந்தது. வெளியூர் நண்பர் ஒருவருக்கும் திறக்கவில்லை. ரவுட்டரில் இணையப் பக்கங்களுக்கான வாயில்களான 80, 443 ஆகிய போர்ட்டுகளைத் திறந்துவிட்டும் பயனின்றி இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே, வெளியிலிருந்து என் இணைப்பை அடைய உதவும் பொது ஐபி முகவரி எனக்கெனத் தனியாகத் தரப்படவே இல்லை என்பது புரிந்தது.

ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அவற்றின் உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உள்ளிருந்து வெளியே செல்லும் தகவலுக்கு இதனால் தடையில்லை. வெளியிலிருந்து வருவதை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பதுதான் முகவரியைப் பகிரும் நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாது. ரவுட்டருக்கு நிறுவனம் தந்துள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் வீடும் இப்படிப்பட்டதே. அந்த எண்கள் 2012இல் இதற்கெனவே ஒதுக்கப்பட்டவை.

முகவரிப் பற்றாக்குறைக்கு நிறுவனங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேகத்தைக் கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்பவர்கள், இதை இணைப்பு கொடுக்கும்போது ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, மாதக் கட்டணம் பல மடங்கான வணிகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். தினம் பத்துப் பேர் பார்க்கும் நூற்பட்டியலுக்கு அது எதற்கு? இடையில் ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாகத் தகவலைக் கொண்டுசெல்லும் 'டனல்' முறையும் உண்டு. அப்போது நம் வீட்டுச் சர்வர் இன்னொருவர் தயவில் இயங்குவதாகிவிடும்.

ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிக்குப் பஞ்சமில்லை. என் இணைப்பிலும் அது இருக்கிறது. எனினும் நிறுவனம் கொடுத்த ரவுட்டர் வெளியிலிருந்து வரும் தொடர்புகளை மறிக்கிறது. பாதுகாப்புக்காக முதலில் மூடிவைப்பது சரியே. விவரம் தெரிந்த வாடிக்கையாளர் தேவையான போர்ட்டை மட்டும் திறந்துகொள்ளும் வசதியையும் பூட்டிவைப்பது எந்த விதத்தில் நியாயம்?

பொது முகவரி உண்டா, இல்லையா என்பதைத் திட்ட விவரத்திலேயே அச்சிடவும், கேட்பவர்களுக்கு நிலையான முகவரியை நியாயமான கட்டணத்தில் வீட்டுத் திட்டத்திலேயே வழங்கவும், ரவுட்டரின் ஐபிவி6 அமைப்பைத் திறந்துவிடவும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி