சுரங்கம் நடத்துறவங்களுக்கும் அதுக்கு அனுமதி கொடுக்குறவங்களுக்கும்: போர்வெல் தண்ணில ஏறுற ஃபுளோரைடு பத்தி ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்ல தண்ணில பல்லையும் எலும்பையும் கெடுக்குற ஃபுளோரைடு உப்பு ஜாஸ்தியா இருக்கேன்னு யார் வந்து கேட்டாலும் உங்ககிட்ட ஒரே பதில்தான் வருது, "அது பாறையில இயற்கையாவே இருக்கறது, எங்களால வந்ததில்ல". அதோட ஃபைல் மூடிடுது. அந்த பதிலைப் பத்திதான் எழுதுறேன்.

பாறையில இருக்குங்கறது உண்மைதான், யாரும் மறுக்கல. ஃபுளோரைட், அப்படைட், கருப்பு மைக்கா மாதிரி தாதுக்கள்ல இருக்கு, கிரானைட் பாறை உள்ள நிறைய இடங்கள்ல சுரங்கமே இல்லாமகூட தண்ணில வரும், கிழக்கு ஆப்பிரிக்காவோட பிளவுப் பள்ளத்தாக்குல கோடிக்கணக்கான வருஷமா எரிமலை கக்குன பாறைங்கறதால அங்கயும் இதே கதைதான். ஆனா பாறைக்குள்ள பூட்டிக் கிடக்கறதும் குடிக்கிற குடத்துக்குள்ள வர்றதும் ஒண்ணா? பாறை முழுசா இருக்கும்போது தண்ணி படுறது விரிசல் ஓரத்துல மட்டும். நீங்க வெடி வச்சு உடைச்சு பொடியாக்கி கழிவு மேடா குவிச்ச பிறகு பெய்யிற ஒவ்வொரு மழையும் அந்தப் பொடில ஊறி வடிஞ்சு கீழ இறங்குது. பாஸ்பேட் பாறைன்னா அதுல சுமார் 3, 4 சதவீதம் ஃபுளோரினே இருக்கும், அதோட கழிவுச் சேத்தை அடியில எதுவும் விரிக்காம தேக்கி வச்சா அது எங்க போகும்னு நீங்கதான் சொல்லணும்.

இன்னொண்ணு இருக்கு, இது யார் கண்ணுலயும் படாது. குழிக்குள்ள தண்ணி நிக்கக் கூடாதுன்னு ராத்திரி பகலா பம்ப் போட்டு இறைக்கிறீங்க, சுத்தி உள்ள திறந்த கிணறெல்லாம் வத்திப் போகுது, ஜனங்க வேற வழியில்லாம இன்னும் ஆழமா போர் போடுறாங்க, அந்த ஆழத்துல கிடைக்கிறது ரொம்ப காலமா பாறையோடயே கிடந்த தண்ணி, பல இடத்துல சோடியம் கூடுதலாவும் கால்சியம் கம்மியாவும் இருக்கும். கால்சியம் போதுமான அளவு இருந்தா ஃபுளோரைடைப் பிடிச்சு படிய வச்சிடும், அது இல்லாததால ஃபுளோரைடு தண்ணிலயே தங்கிடுது. இப்ப சொல்லுங்க, இது முழுக்க இயற்கையா? அந்த ஆழத்துக்கு அவங்களைத் துரத்துனது யாரு?

உலக சுகாதார அமைப்பு சொல்ற அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டுன தண்ணியப் பார்த்தா ஒண்ணும் தெரியாது, நிறம் இல்ல, நாத்தம் இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கும். முதல்ல தெரியறது பிள்ளைங்க பல்லுல. நிலையான பல்லோட எனாமல் ஈறுக்குள்ள உருவாகற காலம், அதாவது சுமார் 8 வயசு வரைக்கும், குடிச்ச தண்ணிதான் பின்னாடி சுண்ணாம்பு தீட்டுன மாதிரி வெள்ளைக் கோடா வருது, மோசமா இருந்தா பழுப்பேறி குழி விழுது. அந்தக் கறை தேய்ச்சா போகாது. சிரிக்கும்போது கையால வாயை மூடிக்கிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு எப்படி வந்துச்சுன்னு ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க.

பெரியவங்களுக்கு ஃபுளோரைடு எலும்புல சேருது, அந்த நோய்க்குப் பேரு எலும்பு ஃபுளோரோசிஸ். இதைக் கண்டுபிடிக்க ஊர்லயே பண்ற மூணு எளிய சோதனை உண்டு, முட்டி மடக்காம குனிஞ்சு கால்விரலைத் தொடணும், தாடையை நெஞ்சுல படற மாதிரி குனியணும், ரெண்டு கையையும் தலைக்குப் பின்னாடி கொண்டு போகணும். வருஷக்கணக்கா அந்தத் தண்ணிய குடிச்சவங்கள்ல சிலரால இந்த மூணுமே முடியாது. முத்துன எலும்பு ஃபுளோரோசிஸை பழையபடி ஆக்க மருந்து கிடையாது, தண்ணிய மாத்தறதுதான் ஒரே வழி, அதுவும் சீக்கிரமே.

அதனால நான் கேக்கறது இதுதான். சுரங்கம் தொடங்கறதுக்கு முன்னாடியே சுத்தி உள்ள ஒவ்வொரு குடிநீர் கிணத்துலயும் போர்லயும் ஃபுளோரைடு அளந்து வைங்க, கோடையில ஒரு தடவ, மழை முடிஞ்சு ஒரு தடவ, போரோட ஆழத்தையும் சேர்த்து. இந்த முதல் கணக்கு இல்லாததாலதான் பிற்பாடு யாராலயும் எதையும் நிரூபிக்க முடியல, உங்க "இயற்கை" பதிலும் நிக்குது. டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்துட்டு தண்ணி நல்லாருக்குன்னு எழுதாதீங்க, அது மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியா காட்டாது. வர்ற ரிசல்ட்டை ஆபீஸ் பீரோவுல வைக்காம அந்தப் போர் பக்கத்துலயே பெரிய எழுத்துல எழுதி வைங்க.

அளவு தாண்டியிருந்தா கொதிக்க வச்சு குடிங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, தயவுசெய்து. கொதிக்க வச்சா தண்ணிதான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே இருந்து இன்னும் அடர்த்தியாகும். படிகாரமும் சுண்ணாம்பும் போடற நல்கொண்டா முறை, ஃபுளோரைடைப் பிடிச்சு வைக்கிற ஆக்டிவேட்டட் அலுமினா, ஆர்ஓ எல்லாமே வேலை செய்யும், ஆனா ஆள் வச்சு பராமரிச்சாத்தான். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிட்டு அப்புறம் அலுமினாவைப் புதுப்பிக்க ஆளில்லாம விட்ட பிளான்ட் இருக்கறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். ஆர்ஓ தள்ளுற கழிவு நீரை அதே மண்ணுல விட்டா அதுவும் வீண். மழைத்தண்ணில ஃபுளோரைடு கிட்டத்தட்ட கிடையாது, அதைச் சேமிக்கிற தொட்டிக்கும், தூரத்து ஆத்துத் தண்ணி கொண்டு வர்ற குழாய்க்கும் ஆகுற செலவை சுரங்கத்தோட கணக்குலயே முதல் நாளே எழுதுங்க, சுரங்கம் மூடுன பிறகும் அது ஓடுற மாதிரி.

ஏற்கனவே ஓடிட்டிருக்கற சுரங்கம்னா முதல் கணக்கு போட நேரம் கடந்துபோச்சு, ஆனா இன்னைக்கு இருக்கற அளவை எடுக்கலாம். அதுல 1.5 தாண்டுற ஊர்ல 8 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கும், வயித்துல பிள்ளையோட இருக்கற தாய்மாருக்கும் குடிக்கவும் சமைக்கவும் வேற தண்ணி அந்த வாரமே போகணும். காரணம் யாருங்கற விசாரணை அது பாட்டுக்கு நடக்கட்டும், தண்ணி அதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.