மார்ச் 15க்கு முன் மீன் ஏணியைத் துப்புரவாக்குங்கள்

எங்கள் ஆற்றின் பழைய ஆலை அணைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். அணையின் மீன் ஏணி, அதாவது மீன்கள் அணையைத் தாண்டி மேலே ஏறக் கட்டிய படிப்படியான நீர்வழி, இந்த ஏப்ரலிலும் அடைபட்டுக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பலர் அறிவித்தார்கள். முறைப்பாடு பதிவாகிவிட்டது என்ற பதிலும் எல்லோருக்கும் வந்தது. ஆனால் ஆட்கள் வந்து இறங்கியபோது மே மாதத்தில் பாதி போய்விட்டது. ஏரியிலிருந்து முட்டையிட ஆற்றுக்கு வரும் ஸ்டீல்ஹெட் ட்ரவுட் மீன் ஏறும் காலமும் அதோடு முடிந்துபோனது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் மார்ச் 15க்கு முன் ஏணியைத் துப்புரவாக்குங்கள். பிறகு மே நடுப்பகுதிவரை, வெள்ளம் வந்து வடியும் ஒவ்வொரு முறையும் ஒருவரை அனுப்பிப் பாருங்கள்.

இந்த வசந்தத்தில் அணையடியில் நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருந்தால் இந்த மடலுக்குத் தேவை வந்திராது. பனி உருகிய வெள்ளம் வடிந்து, கலங்கல் தெளியத் தொடங்கியிருந்தது. ஏணியின் மேல்வாயில் ஒரு பெரிய மரக்கிளை குறுக்கே இறுகிக் கிடந்தது. அதில் நாணலும் பிளாஸ்டிக் பைகளும் சிக்கி ஒரு சுவர் போலாகிவிட, படிப்படியாக வழிந்து வரவேண்டிய தண்ணீர் ஓர் ஓரத்தால் கசிந்துகொண்டிருந்தது. ஏணியால் தண்ணீர் பலமாக வராவிட்டால் மீனுக்கு அந்த வழி இருப்பதே தெரியாது. தண்ணீர் கொட்டும் இடத்துக்குத்தான், நேரே அணைச் சுவருக்குத்தான் அது போகும். முட்டையிட வந்த ஒரு சினைமீன் பாய்ந்து, கொங்கிறீற்றில் மோதி, நுரைக்குள் விழுந்து, திரும்பவும் பாய்ந்தது. மூக்குத் தோல் உரிந்து வெள்ளையாகியிருந்தது. மோதும் போதெல்லாம் வயிற்றிலிருந்து செம்மஞ்சள் முட்டைகள் சிந்தின. சில சுவரின் பாசியில் ஒட்டிக்கொண்டன. ஒரு குளிர்காலம் முழுக்கச் சுமந்து வந்த முட்டைகள் அவை.

மேலே போக முடியாத மீன்கள் அணையடிக் கிடங்கில் நெருக்கியடித்து நின்றன. இருட்டிய பிறகு சிலர் வந்து மும்முனைத் தூண்டில்களை வீசி, முதுகிலும் வயிற்றிலும் கொளுவி இழுத்தார்கள். அது குற்றம். அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏணி திறந்திருந்தால் அந்த மீன்கள் அங்கே நின்றிருக்கவே மாட்டா.

ஸ்டீல்ஹெட் பசிபிக் கரையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குக் கொண்டுவரப்பட்ட வானவில் ட்ரவுட் என்பதும், முட்டையிட்டதும் செத்துப்போகும் சின்னூக் சால்மனைப் போலன்றி இது ஏரிக்குத் திரும்பி அடுத்த வருடமும் வரக்கூடியது என்பதும் உங்கள் உயிரியலாளர்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே சுவரில் அடிபட்டுச் சாகும் ஒரு மீனோடு வருங்காலத்து முட்டைகளும் போகின்றன. குஞ்சுகள் ஏரிக்கு இறங்க முன்னர் ஒன்றிரண்டு வருடம் ஆற்றிலேயே வளரவேண்டும். அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் மேட்டின் நிலத்தடி ஊற்றுகள் வந்து சேர்வது அணைக்கு மேலே. அணைக்குக் கீழே ஜூலையில் தண்ணீர் 20 பாகையைத் தாண்டிச் சுடும். அங்கே இடப்படும் முட்டையால் பெரிய பயனில்லை.

அணையை இடியுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ட்ரவுட்டின் உடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரே மேலே ஏறாமல் தடுக்க இப்படியான அணைகள் தேவை என்பதை அறிவோம். லாம்ப்ரேயால் பாய முடியாது, ட்ரவுட்டால் முடியும். அதை வைத்து ஒன்றைத் தடுத்து மற்றதை விடும் ஏணிகளைக் கட்டும் அறிவு இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் எப்போதோ வந்துவிட்டது. போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றின் கோர்பெட் அணையில் மீன் ஏறிப்போவதைக் குழந்தைகளோடு போய்ப் பார்க்கிறார்கள். எங்கள் ஆற்றிலும் ஏணி இருக்கிறது. கிளையை அகற்ற ஆள்தான் இல்லை.

எங்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் திகதிகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ட்ரவுட்டுக்கு ஏப்ரலின் நான்காவது சனிக்கிழமைவரை பொறுத்திருக்கிறோம். சிறுவாய் பாஸில் ஆண்மீன் கூட்டைக் காவல் காக்கும் என்பதாலும், அதைத் தூக்கினால் கோபி மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும் என்பதாலும் ஜூன்வரை அதைத் தொடாமல் இருக்கிறோம். ஒரு நாள் முந்தினாலும் தண்டம். அது சரியான சட்டம். ஊரில் கடலோடு வளர்ந்து இங்கே வந்த எங்கள் பெரியவர்களுக்கும் நாங்கள் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பருவம் மீன்பிடிப்பவனுக்கு மட்டும் ஏன்? அணைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திகதி ஏன் இல்லை?

மீன்பிடி உரிமத்துக்கு நாங்கள் கட்டும் காசு மீனுக்கும் காட்டுயிருக்கும் என்றே தனிக்கணக்கில் சேர்கிறது. குளிர்காலம் முழுக்கப் பனியை உருக்க வீதிகளில் கொட்டும் உப்பு மழையோடு இதே ஆற்றுக்குத்தான் வருகிறது. நன்னீர் உயிர்களுக்கு நெடுங்காலத்தில் அந்த உப்பிலுள்ள குளோரைட் லீற்றருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்று கனடாவின் வழிகாட்டி நெறி 2011இலிருந்து சொல்கிறது. கரையெல்லாம் வீடுகள் எழும்புகின்றன, மரநிழல் குறைகிறது. எதைக் கேட்டாலும் அது வேறு திணைக்களம் என்கிறார்கள். இவற்றையெல்லாம் இன்றைக்கே தீர்க்க உங்களால் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏணி உங்களுடையது. மீன்கள் தடையின்றிக் கடக்க வழிசெய்யும்படி அணைக்காரருக்கு உத்தரவிடும் அதிகாரத்தைக் கூட்டரசின் மீன்வளச் சட்டம் அமைச்சருக்குத் தந்திருக்கிறது. அந்தக் கதவைத் தட்டும் நிலைக்கு எங்களைத் தள்ளிவிடாதீர்கள்.

எனவே தயவுசெய்து மார்ச் 15 என்ற திகதியை உங்கள் வருடாந்த வேலைத்திட்டத்தில் எழுத்தில் சேருங்கள். பொறுப்பானவரின் பதவியையும், அடைப்பு ஏற்பட்டால் அழைக்கவேண்டிய எண்ணையும் அணையடியில் ஒரு பலகையில் போடுங்கள். காப்புறுதிச் சிக்கலால் நாங்களாக இறங்கக்கூடாது என்று சொன்னீர்கள், ஏற்றுக்கொண்டோம். உங்கள் மேற்பார்வையில் ஒரு நாளைக் குறித்துத் தந்தால் நீர்க்காலணியோடும் கயிறோடும் வர இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். இலையுதிர்காலத்து மீன்கள் ஏறத் தொடங்குமுன், செப்டம்பருக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

நன்றியுடன்,
இந்த ஆற்றில் மீன்பிடிக்கும் ஒருவன்