நீலக் கட்டம் போட்ட சாறம்

கடந்த ஓகஸ்ட் மாதம், ஒன்ராறியோவின் மஸ்கோகாப் பக்கத்து ஏரியொன்றில், தண்ணீரிலிருந்து கிளம்பும் எங்கள் மிதவை விமானம் கவிழ்ந்தபோது ஓடி வந்தவர்களுக்கு இந்த மடல். வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டேன். தமிழில் எழுதுவது பக்கத்துக் கொட்டேஜில் நின்ற தமிழ்க் குடும்பத்துக்காக. அன்றைய பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆனால் முதலில் அந்த விமானிப் பிள்ளை. இருபத்தைந்து வயதுகூட இராது. ஏறி இருந்ததும் எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, கதவுப் பிடியைத் தடவிக் கண்டுபிடிக்க வைத்தாள். மூன்று தரம். "கண்ணாமூச்சி விளையாடவோ வந்தனாங்கள்?" என்று பின்னுக்கிருந்து மச்சான் பகிடி விட்டான். நானும் சிரித்தேன்.

மிதவைகள் தண்ணீரைக் கிழிப்பதை விட்டு, மேலே எழும்பி வழுக்கத் தொடங்கும் நேரம்தான் பொல்லாதது. வேகம் இருக்கும், பறக்கப் போதாது. அந்த நேரம் பார்த்து, எப்போதோ கடந்துபோன பெரிய படகொன்றின் அலை குறுக்கே வந்தது. ஒரு துள்ளல். இடது மிதவையின் மூக்குக் குத்தியது, சிறகு நுனி தண்ணீரில் பட்டது. அவ்வளவுதான்.

கவிழ்ந்த விமானத்தில் மிதவைகள் மேலே, ஆட்கள் தண்ணீருக்குள். இருக்கைப் பட்டியில் தலைகீழாகத் தொங்குகிறேன். மூக்கு நிறையத் தண்ணீர், பெற்றோல் மணம். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. ஆனால் வலது கை தானாகவே பிடிக்குப் போய்விட்டது. முதலில் கதவு, பிறகுதான் பட்டி. அவள் சொன்ன வரிசை அதுதான். நான் வெளியே வந்து இருமிக்கொண்டிருக்க, அவள் தன் மிதவை அங்கிக்குக் காற்று நிரப்பாமல் திரும்ப மூழ்கி மச்சானை இழுத்து வந்தாள்.

அந்த அங்கி, இடுப்பில் கட்டும் சின்னப் பை. முன்பெல்லாம் அதை இருக்கைக்குக் கீழே வைத்திருந்தால் போதும். 2009 நவம்பர் 29 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சற்றேர்னா தீவில், தண்ணீரிலிருந்து கிளம்பிய சிறு விமானம் விழுந்து, எட்டுப் பேரில் ஆறு பேர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தினர் விடாமல் கேட்டதும் சேர்ந்துதான் 2019இல் சிறிய வர்த்தக மிதவை விமானங்களில் அங்கியைக் கட்டியே இருக்க வேண்டும் என்று கனடா விதி கொண்டுவந்தது. அந்தக் குடும்பங்களுக்கு இந்த மடல் போய்ச் சேராது. இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

பொன்ரூன் படகில் வந்த வயதான தம்பதி, படகின் காற்றாடி எங்களை வெட்டிவிடக் கூடாதென்று தூரத்திலேயே மோட்டரை நிறுத்திவிட்டுத் துடுப்பால் வந்தார்கள். அந்த நிதானம் எனக்கு வந்திருக்காது. அம்புலன்ஸ்காரர், தாதிமார் எல்லோருக்கும் நன்றி. மச்சானின் காறை எலும்பு பொருந்தி வருகிறது. பகிடிதான் கொஞ்சம் குறைவு.

இனி உங்களிடம் வருகிறேன். இறங்குதுறையில் நின்று எல்லாவற்றையும் பார்த்த என் மனைவியை, அக்கா, நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். என் மகளை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ரொட்டி தட்ட வைத்தீர்களாம். இன்றைக்கும் அவள் அந்த நாளைப் பற்றிக் கதைத்தால் ரொட்டியில்தான் தொடங்குகிறாள். அண்ணா, நீங்கள் தந்த இஞ்சித் தேத்தண்ணிதான் என் நடுக்கத்தை நிறுத்தியது. உங்கள் சாறத்தைக் கட்டிக்கொண்டுதான் பொலிஸ்காரருக்கு வாக்குமூலம் கொடுத்தேன். அந்த மனிதர் ஒரு தரம்கூடக் கீழே பார்க்கவில்லை.

நீலக் கட்டம் போட்ட சாறம். தோய்த்து, மடித்து வைத்திருக்கிறோம். நாங்கள் ஸ்காபரோதான். எங்கே கொண்டுவந்து தருவதென்று சொல்லுங்கோ, மகளும் வருவாள்.