மாசம் ஏழு டாலர்

அன்பு மாப்ள,

உன் கடிதம் போன வாரமே கிடைச்சுது, பேரனுக்கு சளி புடிச்சு வீடே தூங்கல, அதான் பதில் போட லேட்டாயிடுச்சு. இப்ப நல்லாருக்கான், சோபாவ புடிச்சு எந்திரிச்சு நிக்கப் பாக்குறான். உன் முட்டி வலி எப்படி இருக்கு, தைலம் தேய்க்கிறதோட விட்றாம ஒரு தடவ எக்ஸ்ரே எடுத்துப் பாரு.

உன் மக சமாச்சாரம் படிச்சதுலருந்து மனசு அங்கதான் இருக்கு. பெர்மனெண்ட் நர்சு பாக்குற அதே வார்டு, அதே நைட் டூட்டி, சம்பளம் மட்டும் பாதிக்கும் கம்மி, சம வேலைக்கு சம சம்பளம்னு போராட்டப் பந்தல்ல உக்காந்திருக்கா. வீட்ல எல்லாரும் "குடுக்கிறத வாங்கிட்டு பேசாம இரு"ன்னு சொல்றாங்க, உனக்கும் அவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலன்னு எழுதியிருந்த. அத படிச்சுட்டு அன்னைக்கு சாயங்காலம் வாக்கிங் போனப்பதான் நான் பாத்த ஒண்ண உனக்கு சொல்லியே ஆகணும்னு தோணுச்சு.

இங்க பாஸ்டன்ல ஸ்டேட் ஹவுஸுக்கு நேர் எதிர்ல, பெரிய பூங்கா ஓரமா ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கு. குதிரை மேல ஒரு வெள்ளைக்கார கர்னல், அவர் கூடவே துப்பாக்கிய தோள்ல சாச்சுகிட்டு நடந்து போற கறுப்பின சிப்பாய்ங்க, முன்னாடி டிரம் அடிக்கிற ஒரு பையன். கிட்டப் போய் பாத்தா ஒரு முகம் மாதிரி இன்னொண்ணு இல்ல, ஒருத்தர் தாடி வச்ச பெரியவரு, ஒருத்தன் மீசையே முளைக்காதவன், தண்ணி குடுவை, முதுகுல சுருட்டி வச்ச போர்வை எல்லாம் அப்படியே தெரியுது. 54வது மாசசூசெட்ஸ் வாலண்டியர் ரெஜிமெண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, 1863ல, ஜனாதிபதி லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனம் போட்ட கையோட இந்த மாநில கவர்னர் ஜான் ஆண்ட்ரூ சேத்த காலாட்படை. ஆளுங்க எல்லாம் தானா வந்து பேர் குடுத்தவங்க. அடிமையா இருந்து தப்பி வந்து அடிமை முறைக்கு எதிரா போராடுன ஃப்ரெடெரிக் டக்ளஸோட ரெண்டு பசங்க கூட இதுல சேந்தாங்க. புடிபட்டா போர்க்கைதின்னு நடத்த மாட்டோம், அடிமையாக்குவோம்னு எதிர்த்தரப்பு, அடிமை முறைய விடமாட்டேன்னு நின்ன தெற்கு மாநிலங்களோட படை, முன்கூட்டியே சொல்லிருச்சு, அது தெரிஞ்சேதான் சேந்தாங்க மாப்ள.

மே 28ந் தேதி பாஸ்டன்லருந்து கிளம்புனாங்க. ரெண்டு மாசம் கூட ஆகல, ஜூலை 18, தெற்குல சார்ல்ஸ்டன் துறைமுக வாய்ல எதிரி கையில இருந்த வாக்னர் கோட்டைய அடிக்க முன்வரிசையில போனது இவங்கதான். ரெண்டு நாள் முன்னாடிதான் ஒரு சண்டை முடிச்சு, ராத்திரி முழுக்க சேத்துல நடந்து, சரியான சோறு தூக்கம் எதுவும் இல்லாம வந்திருக்காங்க. இருட்டுற நேரம், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சதுப்பு, நடுவுல ஒடுக்கமான மணல், அதுல 600 பேர் ஓடுறாங்க. கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா, வயசு 25, கோட்டைச் சுவர் மேலயே செத்துட்டாரு. கொடி புடிச்சவன் விழுந்ததும் வில்லியம் கார்னின்னு ஒரு சார்ஜெண்ட், வர்ஜீனியாவுல அடிமையா பொறந்தவரு, கொடிய வாங்கிகிட்டு மேல ஏறி, குண்டு மேல குண்டு பட்டும் அத தரையில விடாம தவழ்ந்தே திரும்பி வந்தாரு. அவருக்கு மெடல் குடுத்தது 1900ல. 37 வருஷம் கழிச்சு. கோட்டை அன்னைக்கு விழல, படையில 270 பேருக்கு மேல செத்தோ அடிபட்டோ காணாமலோ போயிட்டாங்க. ஷாவ அவரோட சிப்பாய்ங்க கூடவே ஒரே குழியில போட்டு மூடிட்டாங்க, பின்னால உடலத் தேடி எடுக்கலாம்னு பேச்சு வந்தப்ப அவங்கப்பா வேண்டாம், அவன் ஆளுங்க கூடவே கிடக்கட்டும்னு சொல்லிட்டாரு.

சண்டைய விட எனக்கு பெருசா படுறது சம்பள விஷயம்தான். சேக்கும்போது மத்த சிப்பாய் மாதிரியே மாசம் 13 டாலர்னு வாக்கு. சம்பள நாள் வந்தப்ப கறுப்பினத்தவர்னா 10 டாலர்தான், அதுலயும் துணிக்கு 3 புடிப்போம்னு சொல்லிட்டாங்க. கைக்கு ஏழு. மொத்த படையும் வேண்டாம்னு சொல்லிருச்சு. ஒரு காசு கூட தொடல. கவர்னர் கேள்விப்பட்டு, மிச்சத்த மாநிலமே போட்டுத் தரும்னு ஆள் அனுப்புனாரு, அதையும் வாங்கல, கேட்டது காசு மட்டும் இல்லையே, எங்களையும் சிப்பாய்னு எழுதிக் குடுன்னுதானே. ஊர்ல பொண்டாட்டி புள்ளைங்க பட்டினி, கடிதம் மேல கடிதம் வருது, இவங்க சம்பளமே இல்லாம காவல் நின்னு, பதுங்குகுழி வெட்டி, செத்துகிட்டும் இருக்காங்க.

ஜேம்ஸ் ஹென்றி கூடிங்னு ஒரு கார்ப்பரல், முன்னாடி திமிங்கில வேட்டைக் கப்பல்ல வேலை பாத்தவரு, 1863 செப்டம்பர்ல நேரா லிங்கனுக்கே எழுதுனாரு, நாங்க சிப்பாயா கூலியாளான்னு கேட்டு. அடுத்த பிப்ரவரி புளோரிடாவுல ஒலஸ்டி சண்டையில அடிபட்டு எதிரிகிட்ட மாட்டிகிட்டாரு. அந்த சண்டையில தோத்து பின்வாங்கும்போது அடிபட்டவங்கள ஏத்திட்டு வந்த ரயில் எஞ்சின் வழியில நின்னு போச்சு, எதிரி பின்னாடி வரான், முன்னாடி போயிருந்த 54வது படைய திரும்ப வரச் சொல்றாங்க, கால் கொப்பளிச்சு வந்தவங்க எஞ்சின்ல கயித்தக் கட்டி, பெட்டியோட சேத்து மைல் கணக்கா கையால இழுத்துட்டு வந்திருக்காங்க. அப்ப அவங்க ஒரு மாச சம்பளம் கூட வாங்காத ஆளுங்க.

1864 ஜூன்ல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சம சம்பளம்னு சட்டம் போட்டு ஒத்துகிச்சு. கூடிங் அத அனுபவிக்கல, அடுத்த மாசமே தெற்குப் படையோட ஆண்டர்சன்வில் சிறையில செத்துப் போனாரு. சட்டத்துலயும் ஒரு கொக்கி, போர் ஆரம்பிச்சப்ப சுதந்திர மனுஷனா இருந்தவனுக்குத்தான் முழு பாக்கியாம், அடிமையா இருந்து தப்பி வந்தவன் என்ன பண்ணுவான்? ஷாவுக்கு அப்புறம் வந்த கர்னல் ஹாலோவெல் குவேக்கர் குடும்பத்து ஆளு, அடிமை முறைய எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவு அது, அவர் சிப்பாய்ங்க சொல்றதுக்குன்னு ஒரு சத்தியம் எழுதுனாரு: போர் ஆரம்பிச்ச அந்த தேதியில, கூலி இல்லாம உழைக்க நான் யாருக்கும் கடமைப்பட்டவன் இல்ல. எந்த மனுஷனும் அப்படி கடமைப்பட்டவன் இல்லையே, அதனால எல்லாரும் மனசறிஞ்சு கை தூக்கிட்டாங்க. செப்டம்பர் கடைசியில முழு பாக்கியும் கைக்கு வந்துச்சு.

1897ல அந்த சிற்பத்த தொறந்தப்பவும் செத்த அதிகாரிங்க பேரத்தான் செதுக்கியிருந்தாங்க, சிப்பாய்ங்க பேர் ஏறுனது 1980கள்லதான். நான் ஒவ்வொரு பேரா விரல் வச்சு படிச்சேன் மாப்ள.

நாம மில்லுல பெர்மனெண்ட் இல்லாம பதிலியா இருந்தப்ப, பக்கத்து ஃப்ரேம்ல நின்னவருக்கு நம்மள மாதிரி ரெண்டு மடங்கு, சனிக்கிழமை வவுச்சர நீட்டுனா கையெழுத்து போட்டு வாங்கிட்டு டீக்கடைக்கு போயிடுவோம். வேற வழி தெரியல அப்ப, வீட்ல அடுப்பு எரியணும். உன் மக வாங்க மாட்டேங்குறா. அவள தடுக்காத.

பேர் செதுக்குன பக்கத்த போட்டோ எடுத்திருக்கேன், வாட்ஸப்ல அனுப்புறேன், அவகிட்ட காட்டு. பந்தல்ல ராத்திரி கொசு கடிக்கும், கொசுவத்தியும் ரெண்டு போர்வையும் கொண்டு போய் குடு, கூட இருக்கிற புள்ளைங்களுக்கும் சேத்து. நான் 20ந் தேதி வந்துடுவேன், வந்ததும் ரெண்டு பேருமா போய் உக்காருவோம்.

உன் மாப்ள