செனட்டில் 51 எப்போது, 60 எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருளாதாரத்தைத் தூக்கிநிறுத்த அரசு பணம் ஒதுக்கும் அமெரிக்க ஊக்க நிதி மசோதாக்களைப் பற்றி எழுதும் நம் பத்திரிகைகள் ‘ஆளுங்கட்சி ஆதரித்தது, எதிர்க்கட்சி எதிர்த்தது, மசோதா நிறைவேறியது’ என்று முடித்துவிடுகின்றன. எத்தனை ஓட்டு தேவைப்பட்டது என்று சொல்வதில்லை. மசோதாவில் எது தங்கியது, எது வெட்டுப்பட்டது என்பதை முடிவு செய்ததே அந்த எண்தான்.

2009 பிப்ரவரி 13 அன்று, 78,700 கோடி டாலர் ஊக்க நிதி மசோதா பிரதிநிதிகள் சபையில் 246–183 என்று தேறியது. குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை; ஆளுங்கட்சியான ஜனநாயகக் கட்சியிலும் 7 பேர் எதிர்த்தார்கள். அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும். 100 இடங்கள் கொண்ட மேலவையான செனட்டிலோ பட்ஜெட் சட்டப்படி எழும் ஆட்சேபத்தைத் தாண்ட 60 பேர் வேண்டும். மினசோட்டா இடம் தேர்தல் வழக்கில் காலியாகக் கிடக்க, ஜனநாயக அணியில் 58 பேர். அவர்களில் எட்வர்ட் கென்னடி உடல்நலமின்றி வரவில்லை. ஆக 57. சூசன் காலின்ஸ், ஒலிம்பியா ஸ்னோ, ஆர்லன் ஸ்பெக்டர் ஆகிய மூன்று குடியரசுக் கட்சியினரைச் சேர்த்தால் சரியாக 60. தாயைப் பறிகொடுத்து ஒஹாயோவில் இருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷெராட் பிரவுன் விமானத்தில் வந்து ஓட்டுப் போடும்வரை, இரவு நெடுநேரம் வாக்கெடுப்பை முடிக்காமல் வைத்திருந்தார்கள். 60–38.

அந்த மூவரின் ஆதரவு சும்மா வரவில்லை. பள்ளிக் கட்டுமானத்துக்கான தனி நிதி போயிற்று, மாநிலங்களுக்கான உதவி குறைந்தது. மறுபுறம் ‘மாற்றுக் குறைந்தபட்ச வரி’ (கழிவுகளால் வரியைக் குறைத்துக்கொள்பவர்களும் கட்டவேண்டிய குறைந்தபட்ச வரி)ச் சலுகைக்கு ஏறத்தாழ 7,000 கோடி டாலர் நுழைந்தது. வழக்கமாகவே நீட்டித்துவந்த சலுகை அது. புதிதாக ஒரு வேலையும் பிறக்காது. செனட் குழுவில் அதைக் கொண்டுவந்த குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லி கடைசியில் மசோதாவை எதிர்த்தே ஓட்டுப் போட்டார்!

2021-ல் 1.9 லட்சம் கோடி டாலர் மசோதாவை ‘ரீகன்சிலியேஷன்’ என்ற பட்ஜெட் வழியில் கொண்டுபோனார்கள். அதில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 100 பேரும் ஓட்டுப் போட்டால் அது 51; அன்று ஓட்டுப் போட்டது 99 பேர் என்பதால் செனட்டில் 50–49 என்று தேறியது. எதிர்க்கட்சி ஓட்டு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அதனால் பேரம் நின்றுவிடவில்லை, சொந்தக் கட்சிக்குள் வந்துவிட்டது. ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சின் ஒருவர் முரண்டு பிடித்ததில் அன்று அவை மணிக்கணக்கில் முடங்கியது. மசோதாவில் வாரத்துக்கு 400 டாலராக இருந்த கூடுதல் வேலையின்மை உதவி 300 ஆனது. நம் நாட்டில் கொறடா உத்தரவை மீறினால் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவியே போகலாம். அங்கே அப்படி ஒரு சட்டம் இல்லாததால், ஒற்றை உறுப்பினருக்கும் இவ்வளவு பலம்.

இந்தப் பட்ஜெட் வழிக்கும் ஒரு கடிவாளம் உண்டு: வரவு செலவோடு நேரடித் தொடர்பில்லாதவற்றை ‘பேர்ட் விதி’ வெளியே தள்ளும். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் அப்படித்தான் விழுந்தது. செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் அதை மீண்டும் சேர்க்க முயன்றபோது கிடைத்த 42–58, ஊதியத்தின் மீதான நேரடி ஓட்டல்ல. விதியைத் தளர்த்தலாமா என்ற ஓட்டு. அதற்கும் 60 வேண்டும். 59 பேர் ஆதரித்திருந்தாலும் தோல்விதான். இனி இத்தகைய செய்திகளில் வாக்கு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே தேவைப்பட்ட எண்ணையும், அது எந்தக் கட்ட வாக்கெடுப்பு என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

– வாசகர், மதுரை