பியர் ஹெட் பக்கம் ஒரு தடவை போய் வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உனக்கு வரவேண்டிய புரமோஷன் வேறு ஒருவருக்குப் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். "இனிமே கொடுத்த வேலையை மட்டும் பார்த்துட்டுப் போறேம்ப்பா" என்றாயே, அதுதான் உறுத்துகிறது. போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

நீ இருக்கிற லிவர்பூலிலேயே, ஆற்றங்கரையில் பியர் ஹெட்டில், பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் ஃபிரெடெரிக் ஜான் வாக்கருக்குச் சிலை இருக்கிறது. 1896-ல் பிளிமத்தில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அழிக்கிற வித்தையைக் கற்றார். கடற்படையில் மேலே வர நினைத்தவர்கள் பெரிய பீரங்கிக் கப்பல்களைத் தேடிப் போன காலம் அது. இந்தத் துறையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. தலைமைப் பண்பு போதாது என்று மேலதிகாரி ஒருவர் குறிப்பு எழுத, கேப்டன் பதவி தள்ளிப்போனது. 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது 43 வயது, ஓய்வை எதிர்பார்த்திருந்த கமாண்டர். அதன் பிறகும் இரண்டு வருஷம் கரையில்தான் வேலை. 1941 அக்டோபரில்தான் 'ஸ்டார்க்' என்ற சின்னக் கப்பல் கைக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே ஜிப்ரால்டரிலிருந்து 32 வணிகக் கப்பல்களுக்குக் காவலாக வந்தார். வழியில் அவருடைய குழு நான்கு ஜெர்மன் நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது. வணிகக் கப்பல்களில் இழந்தது இரண்டுதான். காவலுக்கு வந்த ஆடாசிட்டி, ஸ்டான்லி என்ற போர்க்கப்பல்கள் இரண்டும் மூழ்கிப் போயின.

அவர் கண்டுபிடித்த ஒரு முறையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். அப்பா எஞ்சின் ரூமில் கிடந்தவன். புரொப்பல்லர் வேகம் கூடினால் காதுக்கு முன்னே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். தண்ணீருக்கு அடியில் இருப்பவனுக்கும் அப்படித்தான், மேலே கப்பல் வேகமெடுத்தால் குண்டு வரப்போகிறது என்று திரும்பி ஓடிவிடுவான். போதாக்குறைக்கு, ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கிற ஆஸ்டிக் கருவிக்கு, நீர்மூழ்கிக்கு மிக அருகே போனதும் அது பிடிபடாது. வாக்கர் என்ன செய்தார் தெரியுமா? தன் கப்பலைத் தள்ளி நிறுத்தி எதிரொலியை விடாமல் கேட்டுக்கொண்டே, இன்னொரு கப்பலை ஐந்து நாட் (மணிக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர்) வேகத்தில், ஆஸ்டிக்கை அணைத்துவிட்டு, பூனை மாதிரி நகர்த்தினார். சரியாகத் தலைக்கு மேலே வந்ததும் 'போடு' என்று சொல்வார். கீழே இருப்பவனுக்கு எந்தச் சத்தமும் எச்சரிக்கை கொடுக்காது. யாருக்கும் வேண்டாத வித்தையோடு இருபது வருஷம் கிடந்தவருக்குத்தான் இது தோன்றும், பாப்பா. 'ஸ்டார்லிங்' கப்பலில் இருந்தபடி 1944 ஜனவரி, பிப்ரவரியில் ஒரே பயணத்தில் அவர் குழு ஆறு நீர்மூழ்கிகளை அழித்துத் திரும்பியது. லிவர்பூலே துறைமுகத்தில் திரண்டது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதக் கை வரவில்லை. அவருடைய மூத்த மகன் திமோத்தியும் கடற்படையில் சேர்ந்தான், 'பார்த்தியன்' என்ற நீர்மூழ்கியில். 1943 ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் அந்தக் கப்பல் திரும்பவே இல்லை. அப்பா நீர்மூழ்கி வேட்டையில், பிள்ளை நீர்மூழ்கிக்குள். அதற்குப் பிறகும் அந்த மனிதர் எதிரொலிக்குக் காது கொடுத்து நின்றிருக்கிறார். ஒவ்வொரு எதிரொலியிலும் அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். உன் போன் ஒரு நாள் வராவிட்டாலே நான் வாசலுக்கும் அறைக்கும் நடக்கிறவன்.

இரவு பகல் பாராமல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். 1944 ஜூலை 9-ஆம் தேதி, 48 வயதில், மூளையில் ரத்தம் உறைந்து போய்விட்டார். லிவர்பூல் கதீட்ரலில் இறுதிச் சடங்கு முடித்து, கப்பலில் கொண்டுபோய்க் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். அந்த ஒன்றை மட்டும் நீ அவரிடம் கற்றுக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு ஒரு போட்டோ அனுப்பு. நீயும் பக்கத்தில் நின்று எடு, அம்மா கேட்பாள்.

உன் அப்பா